மேல் மாடி வீடு வேகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

தில்லியில் மேல் மாடி வீட்டுக்கு வாடகை சற்றுக் குறைவு. ஏன் குறைவு என்பது மே மாதம் புரியும். மயூர் விஹாரில் டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் 11 கோடைகளைத் தள்ளியிருக்கிறேன். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானதே, அன்றும் இதே கூரைக்குக் கீழேதான் இருந்தேன். இத்தனை வருடங்களில் கூரைக்காகச் செய்த செலவில் பாதி வீண். என்ன நோய் என்று பார்க்காமலே மருந்து வாங்கியதுதான் காரணம்.

குளிர்நாட்டு வீடுகளில் சாய்வுக் கூரைக்கும் அறைக்கும் நடுவே பரண் மாதிரி ஓர் இடம் இருக்கும். அதில் பஞ்சை அடைத்துவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. நமக்குப் பரணும் இல்லை, சாய்வும் இல்லை. தலைக்கு மேல் 5 அங்குலக் கான்கிரீட், அதற்கு மேல் நேரே சூரியன்.

தமிழில் சூட்டுக்கு மூன்று சொற்கள் வைத்திருக்கிறோம். கோளாறைக் கண்டுபிடிக்க அவையே போதும். வெளியிலிருந்து முகத்தில் அடிப்பது அனல். கூரையும் சுவரும் சூடேறி உடம்பைத் தகிக்க வைப்பது வெக்கை. வியர்வை காயாமல் ஒட்டிக்கொண்டே இருப்பது புழுக்கம். கூரை இன்சுலேஷன், அதாவது வெப்பத்தடுப்பு, தீர்த்து வைப்பது வெக்கையை மட்டும்தான். ஜூலையில் மழை பெய்து ஓய்ந்த பிறகு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை என்றால் அது புழுக்கம். அதற்காக மாடியில் வெப்பத்தடுப்புப் பலகை பதித்தால் மிஸ்திரிக்குத்தான் லாபம்.

செலவில்லாத ஒரு நாள் சோதனை இது. ஏசி, கூலர் இரண்டையும் நிறுத்திவிட்டு மதியம் 2 மணி, மாலை 5, இரவு 9, விடியற்காலை 5 ஆகிய நேரங்களில் ஸ்டூல் மேல் ஏறி உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பாருங்கள். அப்புறம் நான்கு சுவர்களிலும். ஃபேனை அணைத்துவிட்டு ஏறுங்கள். நான் ஒரு முறை மறந்தேன். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பெரும்பாலும் இதற்கு உதவாது, உடம்புச் சூட்டின் எல்லையைத் தாண்டினால் கை விரித்துவிடும். எந்த நேரத்தில் எது அதிகமாகச் சுட்டது என்று எழுதி வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

பகலில் சமாளிக்க முடிகிறது, இரவு 8, 9 மணிக்கு மேல்தான் வீடு வேகிறது

இது அசல் கூரைக் கோளாறு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதே, அதேதான். நண்பகலில் மேலே ஏறிய சூடு கான்கிரீட்டின் அடிப்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. வெளியே காற்று ஆறத் தொடங்கும்போது உள்ளே கூரை உச்சச் சூட்டில் இருக்கும். ஃபேன் போட்டால் இன்னும் மோசம் என்று தோன்றுவதும் இதனால்தான். கூரையை ஒட்டித் தேங்கியிருக்கும் சூடான காற்றை அது நம் தலையில் இறக்குகிறது.

எவ்வளவு சூடு என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 10க்கு 12 அடி அறை. மேலே வெறும் கான்கிரீட், வெயிலில் 60 டிகிரி. உள்ளே 28 டிகிரியில் வைக்க நினைக்கிறீர்கள். கூரை வழியாக இறங்கும் வெப்பம் உச்ச நேரத்தில் சுமார் 1 கிலோவாட். அதாவது ஒரு பழைய இஸ்திரிப்பெட்டியை ஆன் செய்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். 1 டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே ஏறத்தாழ 3.5 கிலோவாட்தான். அது முழுவதும் நமக்கு உதவும் என்று நினைத்து வாங்குகிறோம். நாலில் ஒரு பங்குக்கு மேல் கூரையே தின்றுவிடுகிறது.

மருந்து இரண்டு வகை. வெயிலை ஏற விடாமல் திருப்பி அனுப்புவது ஒன்று, ஏறிய சூட்டை இறங்க விடாமல் தடுப்பது இன்னொன்று. முதலில் மலிவானதைச் செய்யுங்கள். பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினாலே அதிகம். புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்கு வரை அனுப்பும். சுண்ணாம்பு அடிக்கலாம், கூரைக்கென்றே விற்கும் வெள்ளை பெயின்ட் அடிக்கலாம், உடைந்த வெள்ளை டைல் துண்டுகளைப் பதிக்கலாம். மூன்றில் டைல்தான் நீண்ட நாள் உழைக்கும். வாடகைக்கு இருப்பவர் சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

சொந்த வீடு என்றால் இன்சுலேஷனுக்கு வாருங்கள். நம் ஊரில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதிப்போம். தில்லிப் பக்கத்தில் இதற்கு ஈடான பழைய முறை மிட்டி பஸ்கா: வைக்கோல் கலந்த களிமண்ணை 3, 4 அங்குலம் பரப்பி, மேலே செங்கல் ஓடு. ஒரு மே மாதம் தஞ்சாவூரிலிருந்து வந்த அப்பா, பக்கத்துத் தெருப் பழைய வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தட்டோடுக்கு ஒன்றுவிட்ட தம்பிடா" என்றார். நல்ல முறைதான், ஆனால் கனம் அதிகம். 4 அங்குல மண் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் குறையாது. வயதான அடுக்குமாடி ஸ்லாப் மேல் பொறியாளரைக் கேட்காமல் இவ்வளவு பாரம் ஏற்றாதீர்கள்.

இன்று பெரும்பாலோர் போடுவது எக்ஸ்.பி.எஸ். பலகை. இளநீலத்திலோ இளஞ்சிவப்பிலோ வரும் கெட்டியான நுரைப் பலகை அது. 50 மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு 2 கிலோகூட இருக்காது. கான்கிரீட்டை விட ஏறத்தாழ 50 மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். மேலே சொன்ன 1 கிலோவாட்டை இது ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். மத்திய எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. 2018-இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டு விதிமுறை, கூரையின் யு மதிப்பு (வெப்பத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடுகிறது என்பதன் அளவு) 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் ஸ்லாப்புக்கு அது 3-க்கு மேல். 25 மில்லிமீட்டர் பலகையே 1.2-க்குக் கீழே கொண்டுவந்துவிடும், 50 போட்டால் பாதியாகும். கூலியும் மேல்தளச் செலவும் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் 50 போடுங்கள் என்பேன். 100 போட்டால் இன்னும் இரண்டு மடங்கு சுகம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் 2 அங்குலம் செய்யும் வேலையை அடுத்த 2 அங்குலம் செய்யாது.

சாதாரண வெள்ளைத் தெர்மாகோல் மலிவு. ஆனால் மாடியில் ஈரம் குடிக்கும், நடந்தால் நசுங்கும். ஈரமான இன்சுலேஷன் இன்சுலேஷனே அல்ல.

பலகை போட்டாகிவிட்டது, இப்போது ஒழுகுகிறது

இங்கேதான் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுக்கு வரிசை தெரியாத ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா" (ஆகிவிடும்) என்பார்.

சரியான வரிசை கீழிருந்து மேலே இப்படி: ஸ்லாப், தண்ணீர் ஓடும் வாட்டத்துக்கான கலவைப் பூச்சு, வாட்டர்புரூஃபிங், பலகை, அதன் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி, கோழி வலை வைத்த 2 அங்குலக் கலவை, கடைசியில் டைல். வாட்டர்புரூஃபிங் பலகைக்குக் கீழே இருந்தால் வெயிலின் சூடும் இரவின் குளிரும் மாறி மாறி அதை இழுக்காது. வெடிப்பு விடாமல் நெடுநாள் இருக்கும். எக்ஸ்.பி.எஸ். தண்ணீர் குடிக்காது என்பதால்தான் இந்த வரிசை செல்லுபடியாகிறது. தெர்மாகோலை வைத்து இதே வரிசையில் செய்தால் மழைக்காலம் முழுவதும் தலைக்கு மேல் ஈரப்பஞ்சு.

பலகை பதிக்கும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மழைநீர் இறங்கும் வாயை, இங்கே குர்ரா என்பார்கள், அடைத்துவிட்டு 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பலகை மூடிய பிறகு ஓட்டையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைவாகப் பூசுவதை கோலா என்பார்கள். ஒழுகலில் பெரும்பகுதி இந்த கோலாவிலும் குர்ராவிலும்தான் ஆரம்பிக்கும், நடுத்தளத்தில் அல்ல.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. பலகை, கலவை, டைல் எல்லாம் சேர்ந்து தளம் 5 அங்குலம் உயரும். மாடிப்படி முடிகிற மம்டியின் வாசற்படி உங்கள் வீட்டில் எவ்வளவு உயரம்? எங்களுடையது 4 அங்குலம். ஜூலை முதல் மழையில் மாடித் தண்ணீர் முழுவதும் படிக்கட்டு வழியாக அருவி மாதிரி இறங்கியது. இரண்டாம் மாடி மாமி முறத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வாசற்படியை இடித்து உயர்த்தக் கொடுத்த கூலி தனி. வேலை தொடங்கும் முன் மம்டி படி, குர்ரா, கைப்பிடிச் சுவர் மூன்றின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மாடி எல்லோருக்கும் பொது என்றால் மற்ற வீட்டுக்காரர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் வருடம் குளுகுளு, இந்த வருடம் பழைய குருடி

வெள்ளை அடித்த கூரையா? மாடிக்குப் போய் ஈரத்துணியால் ஒரு சாண் இடத்தைத் துடையுங்கள். துடைத்த இடம் பளிச்சென்றும் மற்ற இடம் பழுப்பாகவும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் ஓர் ஆந்தி (புழுதிப் புயல்) அடித்தால் ராஜஸ்தான் பக்கத்துப் புழுதியெல்லாம் நம் மாடியில்தான். அழுக்கேறிய வெள்ளை, வெள்ளை அல்ல. மார்ச் கடைசியில் ஒரு முறையும், ஒவ்வொரு பெரிய ஆந்திக்குப் பிறகும் பெருக்கிக் கழுவுங்கள். கையால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தால் சுண்ணாம்பு உதிர்கிறது; மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டோம், ஒன்றும் மாறவில்லை

ஜிப்சம் பலகை அழகுக்கு, வெப்பத்துக்கு அல்ல. ஸ்லாப் முழுச்சூட்டையும் இடைவெளியில் கொட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் பலகையும் சுடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் அதன் முதுகில் 2 அங்குல கிளாஸ் ஊலோ (கண்ணாடி இழைப் பஞ்சு) ராக் ஊலோ (கல் இழைப் பஞ்சு) விரிக்கலாம், நல்ல பலன் உண்டு. விரிப்பவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும், அந்த இழை அரிக்கும். பதித்த விளக்குகளின் தலையை மூடாதீர்கள், சூடு வெளியேற வழியின்றிக் கருகும். தெர்மாகோலை மட்டும் உள்ளே திணிக்க வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும். அதோடு பி.வி.சி. ஒயர் மேல் அது உரசிக் கிடந்தால் நாளடைவில் ஒயரின் மேலுறை இறுகி வெடிக்கும்.

இருந்தாலும், மேலே போட முடிந்தால் மேலேயே போடுங்கள். உள்ளே போட்டால் அறை தப்பிக்கிறது, ஸ்லாப் தினமும் சூட்டில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

மதியம் 2 மணிக்கே தாங்கவில்லை, ஆனால் கூரை தொட்டால் அவ்வளவு சூடில்லை

அது அனல். லூ என்கிற கோடை அனல் காற்று ஜன்னல் சந்திலும் கதவடியிலும் நுழைகிறது. காலை 9 மணிக்கு ஜன்னல்களைச் சாத்தி, கதவடியில் துணியைச் சுருட்டி வைத்து, இரவு காற்று ஆறிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுவது இந்த ஊரின் பழைய பழக்கம். மே மாத வறண்ட காற்றுக்கு இன்றும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கண்ணாடி வழியாக வெயிலே நேராக விழுந்தால் திரையை உள்ளே போடாதீர்கள், வெளியே மூங்கில் சிக் கட்டுங்கள்.

மாலை 5 மணிக்கு ஒரே ஓர் அறை மட்டும் அடுப்பு

மேற்குச் சுவர். கூரையை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள்.

ஏசி நிற்காமல் ஓடுகிறது, பில் எகிறுகிறது

மாலை 7 மணிக்கு ஏசி போட்டு 10 மணி வரை கம்ப்ரஸர் ஒரு முறைகூட ஓயவில்லை, நள்ளிரவு தாண்டி 2 மணிக்குப் பிறகுதான் ஓய்கிறது என்றால், கூரையில் சேமித்த சூட்டை அது இறைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய ஏசி வாங்க ஓடாதீர்கள். ஃபில்டரைக் கழுவிவிட்டு, மேலே சொன்ன கூரை வேலையைச் செய்யுங்கள். தில்லியில் 2019 ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டின்படி மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை, 400 வரை பாதிச் சலுகை, அதைத் தாண்டினால் சலுகையே இல்லை. மே, ஜூனில் 430, 450 என்று நிற்கிற வீடுகளுக்கு மாதம் 50 யூனிட் குறைவது வெறும் 50 யூனிட் சமாச்சாரம் அல்ல. எங்கள் வீட்டில் பலகை போட்ட முதல் கோடையில் அந்த 400 கோட்டுக்குக் கீழே வந்தோம். வீட்டுக்காரி அந்த பில்லைக் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருந்தாள்.

ஜனவரியில் கூரையில் நீர்முத்து, மூலையில் கறுப்புப் பூஞ்சை

கோடையிலிருந்தே பேசுகிறோம், ஆனால் தில்லிக் கூரை குளிர்காலத்திலும் படுத்தும். மேகமில்லாத இரவில் ஸ்லாப் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு ஜில்லென்று ஆகிவிடுகிறது. ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, உள்ளே சமைத்து, வெந்நீரில் குளித்து, ஈரத்துணியையும் கொடியில் உலர்த்துகிறோம். அந்த ஆவி குளிர்ந்த கூரையில் போய் முத்து முத்தாகப் படிகிறது. பலரும் இதை ஒழுகல் என்று நினைத்து மாடியில் வாட்டர்புரூஃபிங் செய்வார்கள், அடுத்த ஜனவரியில் மறுபடியும் அதே கறை.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கூரையைத் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு சாண் அளவு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் ஈரம் என்றால் அது நம் வீட்டு ஆவி. தாளுக்கும் கூரைக்கும் நடுவே ஈரம் என்றால் மேலிருந்து வருகிறது.

ஆவி என்றால் சமையலறை எக்ஸாஸ்டைச் சமையல் முடிந்து 15 நிமிடம் வரை ஓட விடுங்கள், துணியை வெளியே உலர்த்துங்கள். நிலையான தீர்வு அதே பலகைதான். மேலே போர்வை இருந்தால் ஸ்லாப் அறையின் சூட்டோடு இருக்கும், முத்துப் பிடிக்காது. இந்த விஷயத்தில் வெள்ளை பெயின்ட் உதவாது. குளிர்காலப் பகலில் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் அது திருப்பி அனுப்பிவிடும். கோடையில் கிடைக்கும் பலனை நினைத்தால் அந்த நஷ்டம் சிறிது என்பது என் எண்ணம்.

பலகை போட்ட பிறகும் சுவரோரமாக மட்டும் கறுப்புக் கோடு விழுகிறதா? மிஸ்திரி பலகையைக் கைப்பிடிச் சுவருக்கு அரை அடி முன்னாலேயே நிறுத்தியிருப்பார். அந்த இடைவெளி வழியாகக் குளிர் இறங்குகிறது. பலகை சுவர் வரை போய், சுவரோடு சற்று மேலேயும் ஏற வேண்டும்.

பர்சாத்தி, தகரக் கூரை

முனிர்க்காவிலும் கரோல் பாக்கிலும் மாடி மேல் ஒற்றை அறையில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர். தகரம் உடனே சுடும், உடனே ஆறும். ஆகவே இங்கே நேரக் கணக்கு வேறு, மதியமே உச்சம், இரவில் ஓரளவு தப்பிக்கலாம். கூரைக்கு மேல் 3 அடி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டுவதுதான் முதல் வேலை. ஆந்திக்குத் தாங்குமாறு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். உள்ளே அலுமினிய ஃபாயில் ஒட்டிய நுரைத் தாளைத் தகரத்துக்குக் கீழே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் அந்த இடைவெளியைப் பார்க்கும்படி கட்டுங்கள். தகரத்தோடு ஒட்டிவிட்டால் பளபளப்புக்கு வேலையே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதைத் துளைக்கவோ சுரண்டவோ கூடாது, தூள் நுரையீரலுக்கு ஆபத்து. நுரைத் தாளைக் கட்டும் சட்டத்தைச் சுவரிலிருந்து தாங்குங்கள்.

குழாயைத் திறந்தால் கொதிநீர்

கறுப்புத் தொட்டி, வெயிலில் கிடக்கும் இரும்புக் குழாய். தொட்டிக்கு வெள்ளை அடித்து, மேலே நிழல் கட்டுங்கள். குழாய்க்கு ஏசிக்காரர்கள் செம்புக் குழாய் மேல் போடும் கறுப்பு நுரைக் குழலை வாங்கி மாட்டி, அதன் மேல் வெள்ளை டேப் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் அந்த நுரை ஒரே கோடையில் வெயிலில் பொடிந்துவிடும். மழை வந்ததும் கழற்ற வேண்டாம். ஜனவரியில் பல் தேய்க்கும்போது அதன் உபயோகம் தெரியும்.